அப்பா விரலால் பார்த்து வாங்கிய பிரின்டர்

வீட்டுக்குக் கலர் லேசர் பிரின்டர் ஒன்று வாங்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது, ஆசிரியர் அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். ரியூஷன் வகுப்பு தொடங்கப் போகிறேனா? விஞ்ஞானம் படிப்பிக்கிற ஒருத்தி, அதுவும் புருஷன் பிள்ளை என்று எந்தத் தொல்லையும் இல்லாத ஒருத்தி, வேறு எதற்காக அவ்வளவு பெரிய மெசினை வீட்டுக்குள் கொண்டுவருவாள்? இல்லை, எங்கள் அப்பாவுக்கு ஒரு தேநீர்க் கோப்பையின் படம் அடிக்க வேண்டியிருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு எங்கோ கழன்றுவிட்டது என்று முடிவுகட்டியிருப்பார்கள்.

ஆனால் நான் சொன்னது உண்மை. அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. வலது காலும் வலது கையும் மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தன. பேச்சுத்தான் திரும்பவில்லை. நாங்கள் பேசுவது அவருக்கு விளங்கும். பதில் சொல்ல வாயெடுத்தால் ஒரே ஒரு சத்தம், எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சத்தம்தான் வரும். கண்டி நகரத்துப் புடவைக்கடை ஒன்றில் முப்பத்தைந்து வருடம் நின்று பேசிய மனிதர் அவர். ஒரு சேலை வாங்க வந்தவர்களை மூன்று சேலையோடு, அதுவும் சிரித்த முகத்தோடு, வீட்டுக்கு அனுப்புகிற வாய் அது. அந்த வாயிலிருந்து அந்த ஒற்றைச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் நான் அடுப்பு வேலை எதையாவது சாக்காக வைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவேன்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மிஸ் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது குறைந்தவர், என்னைவிடப் பத்து மடங்கு பொறுமை உள்ளவர். அவர்தான் படத்தாள் ஒன்றைக் கொடுத்தார். கோப்பை, கட்டில், குளியலறை, போர்வை என்று கட்டம் கட்டமாகப் படங்கள். வேண்டியதை விரலால் தொட்டுக் கேட்கப் பழகினால், பேச்சும் பின்னாலேயே வரக்கூடும் என்றார். பழகாமலே விட்டால்? சிலர் முயற்சியைக் கைவிட்டு அப்படியே உள்ளுக்குள் அடங்கிப்போய்விடுவார்கள், இந்த முதல் சில மாதங்கள்தான் முக்கியம் என்றார். அவர் சொன்ன எல்லாவற்றிலும் எனக்கு இந்த அடங்கிப்போகிற விஷயம் மட்டும்தான் மனதில் தைத்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் வழி முழுக்க எனக்கு அதே பயம்.

அந்தப் படத்தாளோ கறுப்பு வெள்ளை ஃபோட்டோ கொப்பி. கொப்பியின் கொப்பியின் கொப்பி. அப்பா அதை ஒரு விநாடி பார்த்தார், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். எட்டிப் பார்த்த அம்மா, தட்டு வைத்த கோப்பையையும் தலைப்பலகை வைத்த கட்டிலையும் கண்டுவிட்டு, இதெல்லாம் வெள்ளைக்காரன் வீட்டுச் சாமான் என்று தீர்ப்புச் சொன்னார். அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. இன்னொன்றும் இருந்தது, அது எனக்குத்தான் பட்டது. வாழ்நாள் முழுக்க நிறத்தை விற்றவரிடம் சாம்பல் நிறத்தை நீட்டினால் அவர் ஏன் பார்க்கப்போகிறார்?

உடனே எங்கள் வீட்டுச் சாமான்களையே ஃபோனில் படம் பிடித்தேன். அவருடைய பச்சை எனாமல் கோப்பை, அவர் சாய்ந்து உட்காருகிற கதிரை, அவருடைய ரேடியோ, மெரூன் சேலை கட்டிய அம்மா. அதை டவுனில் ஃபோட்டோ கொப்பி அடிக்கிற ஒரு கொமியுனிகேஷன் கடையில் கொடுத்துக் கலரில் அடித்துக்கொண்டு வந்தேன். இந்த முறை அப்பா முகத்தைத் திருப்பவில்லை. இடது கையால் வாங்கினார். வாங்கி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து, புடவைக்கடையில் துணியைத் தேய்த்துப் பார்ப்பது போலத் தேய்த்தார். பிறகு விரலைத் திருப்பி எனக்குக் காட்டினார். விரல் நுனியில் பச்சை. சாயம் போகிற மலிவுச் சீத்தைத் துணியை யாரோ தன் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று கண்டுபிடித்த முகம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அன்று சாயந்தரமே கோப்பையிலிருந்து நாலு சொட்டுத் தேநீர் சிந்தி, அம்மாவின் சேலையும் ரேடியோவும் ஒன்றாகக் கரைந்து ஓடின. சரி, பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிக்கொண்டு வருவோம் என்று போனேன். அதில் பல்பு வெளிச்சம் பட்டுப் பளபளத்தது. அப்பா அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார், கையிலிருந்து வழுக்கியது, பிறகு வழுக்காமலேயே வீசினார். ஒவ்வொரு படத்துக்கும் நான் அறுபத்தெட்டுப் படி இறங்கி, பஸ் பிடித்து, வரிசையில் நின்று, திரும்பவும் அறுபத்தெட்டுப் படி ஏற வேண்டும். எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டை வீதிக்கு மேலே மலைச் சரிவில் இருக்கிறது. படிகளை எண்ணியது நான்தான், கோபத்தில் எண்ணியது. அன்றைக்கு ஏறி முடித்த கையோடு, வீட்டிலேயே ஒரு பிரின்டர் வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

முடிவெடுப்பது சுலபம், தேர்ந்தெடுப்பதுதான் பெரும்பாடு. தோஹாவில் இருக்கும் தம்பிக்கு ஒரு வார்த்தை சொன்னதுதான் தாமதம், அன்றிரவு விடியும்வரை ஃபோன் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தது. பதினொரு வீடியோ அனுப்பியிருந்தான். எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் பெட்டியை உடைத்துத் தெர்மோகோலை வெளியே எடுத்து, ஆகா என்கிறார். மை ஊற்றுகிற இங்க் டேங்க் பிரின்டர்தான் மலிவு, அதை வாங்கு என்றான். சாயம் போகுமே என்றேன். போனால் என்ன, திரும்ப அடி என்றான். அப்பாவின் அந்த விரலை அவன் பார்க்கவில்லை, அதுதான் அப்படிச் சொன்னான்.

அதனால் நான் என் வழியில் தேடினேன். கோப்பையும் அம்மாவும் இருக்கிற அதே பக்கத்தைப் பென் ட்ரைவில் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டதும் கடை கடையாக ஏறினேன். எந்த மெசினைக் காட்டினாலும் இந்த ஒரு பக்கத்தை அடித்துத் தாருங்கள் என்றேன். பாதிப்பேர் பெட்டியை உடைக்க முடியாது என்றார்கள். வாங்குவதானால் வாங்குங்கள், காட்சிக்கு வைத்த மெசினுக்குக் கரண்ட் இல்லை என்றார் ஒருவர். மீதிப்பேர் அடித்துத் தந்தார்கள். ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் பென்சிலால் கடையின் அடையாளத்தை எழுதி, மழையில் நனையாமல் ஃபைலுக்குள் வைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவின் மடியில் வைப்பேன். அவர் தேய்ப்பார். விரலைப் பார்ப்பார். தாளைத் தள்ளுவார்.

இங்க் டேங்க் தாள் மூன்றும் முதல் நாளே தள்ளுண்டன. நிறம் என்னவோ அருமைதான், விரலில் ஒட்டியதுதான் வினை. லேசர் என்றால் மைத்தூளைச் சூட்டில் உருக்கித் தாளோடு ஒட்டவைப்பது, ஆகவே ஒட்டாது என்று வகுப்பில் பாடம் எடுப்பது போல அம்மாவுக்கு விளக்கினேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, அப்படியென்றால் முதலிலேயே லேசரைப் போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்டார். 

லேசரிலும் எத்தனை ரகம். கறுப்பு மட்டும் அடிக்கிறது ஒன்று, விலை குறைவு, நமக்கு உதவாது. கலர் அடிக்கும், ஆனால் அடிக்க மட்டும்தான் செய்யும் என்று இன்னொன்று. எனக்குக் கொப்பியும் எடுக்க வேண்டியிருந்தது. படத்துக்குக் கீழே சொல்லைக் கையால் எழுதினால்தான் அப்பாவின் கண் அதில் நிற்கிறது, கம்ப்யூட்டர் எழுத்தை அவர் பார்ப்பதே இல்லை. எழுதியதைக் கட்டிலுக்கு ஒன்று, கதிரைக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று என்று பல பிரதி எடுக்க வேண்டும். ஆகவே அடிக்கவும் கொப்பி எடுக்கவும் சேர்ந்த மெசின்தான் வேண்டும் என்று ஆனது. கடுகண்ணாவையில் ஒரு அலுவலகம் மூடுகிறார்கள், பாவித்த கலர் லேசர் மலிவாக வருகிறது என்று யாரோ சொல்ல, ஒரு சனிக்கிழமை ரயிலேறி அங்கேயும் போனேன். அது பிரின்டர் இல்லை, அலுமாரி. ஆனாலும் வந்த பாவத்துக்கு ஒரு பக்கம் அடித்துக்கொண்டு வந்தேன். அப்பா தேய்த்தார், விரல் சுத்தம்.  பிறகு அம்மாவின் படத்தைப் பார்த்தார். மெரூன் சேலை கத்தரிக்காய் நிறத்தில் வந்திருந்தது. அந்தச் சேலையை அவரேதான் கடையில் எடுத்து அம்மாவுக்குக் கொண்டுவந்தவர். தாளைத் தள்ளிவிட்டார்.

கடைசியாகப் போனது மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் கடை. முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, என்ன வேலைக்கு மெசின் என்று கேட்டார். அதுவரை போன எந்தக் கடையிலும் அதைக் கேட்கவில்லை. எல்லாரும் எவ்வளவுக்குள் வேண்டும் என்றுதான் கேட்டார்கள். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அப்பா நின்ற கடையின் இடத்தைச் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அந்த மனுசன்ட வாயா மிஸ் அடைச்சிரிக்கி?” என்றார்.

ஆமாம் என்றேன்.  அவர் தன் சொந்தப் பாவனைக்கு வைத்திருந்த மெசினிலேயே என் பக்கத்தை இரண்டு தரம் அடித்துத் தந்தார். பிறகு, வியாபாரிகள் பொதுவாகச் சொல்லாததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். புதுப் பெட்டியோடு வருகிற டோனர், அதாவது மைத்தூள் குப்பி, முழுதாக நிரம்பி வராது, சீக்கிரமே முடிந்துவிடும், அப்போது ஏமாற்றிவிட்டேன் என்று என்னைத் திட்டக்கூடாது. இரண்டு பக்கமும் தானாக அடிக்கிற வசதி எனக்குத் தேவையில்லை, அதற்கு மேலதிகமாகச் செலவழிக்க வேண்டாம். யூ.பி.எஸ்ஸில் மாட்டக் கூடாது, லேசர் சூடாகும்போது இழுக்கிற இழுவைக்கு அது தாங்காது, நேரே சுவரில்தான் மாட்ட வேண்டும். எங்கள் ஊர் ஈரத்தில் தாள் நமத்துப்போகும், நமத்த தாள் உள்ளே சிக்கும், ஆகவே தாளைப் பிஸ்கட் போல டின்னில் மூடி வைக்க வேண்டும்.

“நாலு டோனர் இரிக்கி மிஸ். ஒண்டு முடிஞ்சாலும் மத்த மூணும் சும்மாதான் இரிக்கும். யோசிச்சு எடுங்க,” என்று முடித்தார்.

வீட்டுக்கு வந்து தாளை மடியில் வைத்தேன். அப்பா தேய்த்தார். விரலைப் பார்த்தார். இன்னொரு தரம், இந்த முறை நகத்தால், தேய்த்தார். பிறகு கதிரையை வாசல்பக்கம் திருப்பச் சொல்லிக் கையைக் காட்டினார். சேலையின் நிறத்தை வாசல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும், கடை பல்பு பொய் சொல்லும் என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவர் அல்லவா. வாசலில் வைத்து மெரூனைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்படித்தான் எங்கள் பிரின்டர் தெரிவானது.

அது வந்த நாள் நல்ல மழை. பெட்டி இருபது கிலோவுக்கு மேல். த்ரீவீல்காரர் முதல் இருபது படிக்கு உற்சாகமாகத்தான் இருந்தார். நாற்பதாவது படியில் பெட்டியை வைத்துவிட்டு, உள்ளே என்ன அம்மிக்கல்லா என்று கேட்டார். மீதிப் படிகளுக்கு நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். அம்மா மேலே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார், எங்களுக்கு இல்லை, பெட்டிக்கு. வந்து சேர்ந்தபோது எங்கள் இருவருக்கும் பேச்சு வராமல் போனதைப் பார்த்து அப்பா கதிரையில் இருந்து தலையை ஆட்டினார்.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் அம்மா அதற்குக் குங்குமப் பொட்டு வைப்பார். டீவிக்கு இருக்கிறது, குளிர்சாதனப் பெட்டிக்கு இருக்கிறது, சோறு ஆக்குகிற குக்கருக்கு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் தந்த நடைவண்டிக்குக்கூட இரண்டு கைப்பிடியிலும் இருக்கிறது. ஆகவே நான் முந்திக்கொண்டேன். இந்த மெசினுக்குப் பொட்டும் கூடாது, சூடமும் கூடாது, சாம்பிராணிப் புகை வேண்டவே வேண்டாம் என்று, பரீட்சை மண்டபத்தில் விதிமுறை வாசிப்பது போல வாசித்தேன். அம்மா சரி என்றார். அம்மா இவ்வளவு லேசாகச் சரி சொல்லி நான் கண்டதில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அன்று மாலையே ஒன்பது படங்கள் அடித்தேன். சாயம் போகவில்லை, தேநீருக்குக் கரையவில்லை, அம்மாவின் மெரூன் மெரூனாகவே இருந்தது. அப்பா அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பார்த்தார். தேய்த்தார். ஓரத்தை நேராக்கினார். எல்லாம் செய்தார், ஒன்றைத் தவிர. எந்தப் படத்தையும் தொட்டு எதையும் கேட்கவில்லை.

கேட்க எங்கே விட்டோம்? அவர் கேட்கும்வரை பொறுத்திருங்கள், கொஞ்சம் தவிக்கட்டும், தவித்தால்தான் விரல் போகும் என்று பயிற்சி மிஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அம்மாவால் அது முடியாது. அப்பாவின் தொண்டை வறள்வதற்குப் பத்து நிமிடம் முன்னால் தேநீர் வந்துவிடும். கால் குளிரும் முன்னால் போர்வை வரும். ரேடியோவில் செய்தி முடிந்ததும் அம்மாவின் கை தானாகப் போய் அதை மூடும். நாற்பது வருடமாக ஒரு மனிதனைப் பார்த்துப் பழகினால் படமும் வேண்டாம், விரலும் வேண்டாம். நீங்கள்தான் அப்பாவைப் பேசவிடாமல் கெடுக்கிறீர்கள் என்று ஒரு நாள் நான் கத்திவிட்டேன். அம்மா உள்ளே போனார். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. வாரங்கள் ஓடிக்கொண்டிருந்தன, அப்பா அந்த ஒற்றைச் சத்தத்தைக்கூடக் குறைத்துக்கொண்டு வந்தார். சொன்னதைக் கேட்டு நடந்தார், கொடுத்ததைச் சாப்பிட்டார். அடங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெரிய எழுத்தில் சொற்களை எழுதினேன். மொத்தம் ஐந்து பக்கம். அவற்றை மெசினின் மேல்தட்டில் அடுக்கிக் கொப்பி பொத்தானை அழுத்தினால், அது ஒவ்வொன்றாகத் தானே உள்ளே இழுத்துப் பிரதி எடுக்கும். முதல் முறையாக அந்த வசதியை உபயோகித்தேன். முதல் தாள் வெளியே வந்தது. மேலிருந்து கீழாக, நட்ட நடுவில், ஒரு விரல் அகலத்தில் சிவப்புக் கோடு. இரண்டாவது தாளிலும் அதே கோடு. ஐந்திலும் அதே கோடு. எங்கள் சிவனடியார் வீட்டில் தாள்கள் எல்லாம் நாமம் போட்டுக்கொண்டு வந்து நின்றன.

முதல் பக்கத்தில் அந்தக் கோடு சரியாக அம்மாவின் முகத்தில் விழுந்திருந்தது. அதைக் கண்ட அம்மாவுக்கு முகமே வெளுத்துவிட்டது. உயிரோடு இருக்கிறவர்களின் படத்தில் குங்குமம் படலாமா? செத்தவர் படத்துக்குத்தானே மாலையும் பொட்டும்? இது சகுனப் பிழை, மெசினைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று நின்ற நிலையில் சொன்னார். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் ஆயிற்றே. சிவப்பு டோனர் ஒழுகுகிறது என்று அனுமானித்தேன். நாலு டோனரையும் கழற்றிக் குலுக்கித் திரும்ப மாட்டினேன், கை சிவந்ததுதான் மிச்சம். மூடியைத் திறந்து, தாள் வைத்துக் கொப்பி எடுக்கிற பெரிய கண்ணாடியை மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியால் துடைத்தேன், அது ஏற்கெனவே பளிங்கு மாதிரித்தான் இருந்தது. நிறுத்திப் போட்டேன், வயரைப் பிடுங்கிப் போட்டேன். கோடு அசையவில்லை. கடை முதலாளிக்கு ஃபோன் செய்தேன். பார்க்காமல் சொல்ல முடியாது மிஸ், கொண்டுவாருங்கள் என்றார். கொண்டுவா என்றால் அறுபத்தெட்டுப் படி. கதிரையில் தொப்பென்று உட்கார்ந்து, அந்த நல்ல மனிதரை, டோனரைப் பற்றி அவ்வளவு நேர்மையாகச் சொன்னவரை, வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

திட்டி முடித்தபோது அப்பா தாளைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

அவர் மடியில் கோடு விழுந்த முதல் பக்கம் இருந்தது. இடது சுட்டுவிரல் அம்மாவின் படத்தில் இருந்தது. ஆமாம் அப்பா, கோடு விழுந்திருக்கிறது, எனக்கும் தெரிகிறது என்றேன். அவர் தலையை வேகமாக ஆட்டினார், இல்லை என்று. திரும்பவும் அம்மாவின் படத்தில் ஒரு தட்டு. அம்மா வேண்டுமா என்று கேட்டேன். அம்மாவும் ஓடிவந்து முன்னால் நின்றார், தண்ணீரா, தலையணையா என்று கேட்டார். அப்பா கதிரைக் கையில் ஓங்கி ஓர் அறை அறைந்தார். முப்பத்தைந்து வருடம் விளங்காத வாடிக்கையாளர்களைச் சமாளித்தவர், எங்கள் இரண்டு பேரையும் பார்த்த பார்வையில் அவ்வளவு சலிப்பு.

பிறகு அவர் அதை நிதானமாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் செய்தார். விரலை அம்மாவின் படத்தில் வைத்தார். எடுத்து, சுவரோரம் இருந்த பிரின்டரை நீட்டிக் காட்டினார். உள்ளங்கையை மேலே தூக்கி, மூடி திறப்பது போலத் திறந்தார். கடைசியாக, மோதிர விரலைக் கொண்டுபோய்த் தன் நெற்றி நடுவில் அழுத்தினார்.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. அம்மாவுக்கு அது உடனே விளங்கிவிட்டது, ஏனென்றால் அம்மா தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் அடுப்பில் இருக்கிறது என்று புறப்பட்டார். நான் எழுந்து பிரின்டரின் மூடியைத் திறந்தேன். பெரிய கண்ணாடியில் ஒன்றும் இல்லை. அதற்கு இடது பக்கத்தில், இரண்டு விரல் அகலத்தில் கறுப்பாக ஒரு கண்ணாடிப் பட்டை இருந்தது. மேல்தட்டிலிருந்து போகிற தாளை மெசின் அந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்கிறது என்று பிற்பாடு அறிந்துகொண்டேன். அந்தப் பட்டையின் நடுவில், காய்ந்து ஒட்டிய ஒரு குங்குமப் பொட்டு. அத்தனை தாளும் அதைத் தாண்டித்தான் போயிருக்கின்றன.

மெசின் வந்த மறுநாள், நான் பள்ளிக்கூடம் போனதும், அம்மா வேலையை முடித்திருக்கிறார். அப்பா கதிரையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“பெரிய கண்ணாடியில நான் கை வைக்கவே இல்ல புள்ள,” என்றார் அம்மா குசினி வாசலில் நின்றபடியே. “சாமி படத்துக்கும் கண்ணாடி மேலதானே வைக்கிறோம். இது சும்மா ஓரத்துல கெடந்துச்சு, அதுலதான் வச்சேன். ஒனக்குத் தெரியக் கூடாதுன்னு பாத்துப் பாத்து வச்சேன்.”

எனக்கு அம்மாவின் மேல் கோபம் வரவில்லை. துணியை நனைக்கப் போனவள் நனைக்காமல் அங்கேயே நின்றேன். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அப்பா படத்தைத் தொட்டு எங்களுக்கு ஒன்றைச் சொல்லியிருக்கிறார். யார், எங்கே, என்ன செய்தார் என்று ஒரு முழு வாக்கியம். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாதது, அவருக்கு மட்டுமே தெரிந்தது. அம்மாவால் அதை முந்திக்கொண்டு கொண்டுவந்து கொடுக்க முடியவில்லை, ஏனென்றால் அது அம்மாவின் குட்டு. அம்மா, அப்பா பேசிவிட்டார் என்று நான் சொன்னேன். 

 அம்மா வந்து அப்பாவின் கதிரைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். தன் முகத்தில் சிவப்புக் கோடு விழுந்த அந்தத் தாளை, சகுனப் பிழை என்று தொடவே மறுத்த தாளை, எடுத்து அப்பாவின் மடியில் நேராக வைத்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“என்னாங்க, இன்னொருக்கா சொல்லுங்க,” என்றார். “மெசின்ல பொட்டு வச்சது யாரு?”

அப்பாவின் விரல் மறுபடியும் அம்மாவின் படத்தில் போய் நின்றது. அன்று பகல் முழுக்க அம்மா அதையே கேட்டுக்கொண்டிருந்தார், அப்பாவும் ஒவ்வொரு முறையும் அம்மாவையே காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.